உயரம் எங்கிருந்து?

திருச்சிராப்பள்ளி ஒரு சமவெளி நகரம் என்று பூகோள பாடத்தில் படித்தவர்கள், அந்த வர்ணனையை மட்டும் நம்பி ஒரு ட்ரோனை அங்கே ஆகாயத்தில் ஏற்றினால், முதல் நாளிலேயே சங்கடத்துக்கு உள்ளாக நேரும். விமான நிலையத்தின் தரை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 88 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே காவிரி வரையில் நிலம் சரிவது நடப்பவனுடைய கால்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் அந்தச் சமநிலத்தின் நடுவில், கடை வீதிகளும் தெப்பக்குளமும் அடிவாரத்தை நெருக்கிக்கொண்டிருக்க, 83 மீட்டர் உயரத்துக்கு ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கிறது மலைக்கோட்டை. பொன்மலை, காஜாமலை, உய்யக்கொண்டான் திருமலை, எறும்பீசுவரர் எழுந்தருளியிருக்கும் திருவெறும்பூர்க் குன்று என்று சிறிய பாறைகள் வேறு ஆங்காங்கே தலை தூக்குகின்றன. ஆற்றைக் கடந்தால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவில், 13 நிலைகளோடு 73 மீட்டர் உயர்ந்த ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். அதைச் சுற்றிலும் வேறு கோபுரங்கள், திருவானைக்காவின் கோபுரங்கள், தென்னந்தோப்புகள், வாழைத் தோட்டங்கள். நடப்பவனுக்குச் சமவெளியாகத் தோன்றும் இப்பிரதேசம், பறக்கும் யந்திரத்துக்கு மேடும் பள்ளமும் நிறைந்த தேசம்.

இன்று இந்த யந்திரத்தைத் தொழிலுக்காகப் பறக்கவிடுகிறவர்கள் பல தரத்தினர். கல்யாணத்தையும் கிருகப்பிரவேசத்தையும் மேலிருந்து படம் பிடிப்பவர் ஒருவர். மனைப் பிரிவுகளையும் சாலைகளையும் அளக்கும் சர்வேக்காரர் ஒருவர். நெல் வயலுக்கும் வாழைக்கும் மருந்து தெளிப்பவர் ஒருவர். பாலத்தின் தூண்களையும் மதகுகளையும் பரிசோதிக்கும் எஞ்சினியர் ஒருவர். மகளிர் சுய உதவிக் குழுக்களுக்குத் தெளிப்பு ட்ரோன் வழங்கும் மத்திய அரசின் திட்டம் 2023 நவம்பரில் அங்கீகாரம் பெற்ற பிறகு, கிராமத்துப் பெண்களும் இந்த வரிசையில் சேர்ந்திருக்கிறார்கள். இவர்கள் அனைவருக்கும் பொதுவான ஒரு வேலை உண்டு. அது யந்திரத்தை மேலே எழுப்புவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. பறக்கும் வழியில் நிலம் எப்படி இருக்கிறது, தாம் நிற்கும் இடத்திலிருந்து யந்திரம் கண்ணுக்குத் தெரியுமா, ரிமோட்டின் ரேடியோ அலை அதை எட்டுமா என்று நிச்சயித்துக்கொள்வதே அது. பார்ப்பவர்களுக்கு இது ஒரு காரியமாகவே தோன்றுவதில்லை. ஆனால் விபத்துகளில் பலவற்றின் வித்து இங்கேதான் விழுகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

முதலில் உயரம் என்னும் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். ரிமோட்டின் திரையில் 60 மீட்டர் என்று எண் காட்டினால், அது எங்கிருந்து 60 மீட்டர்? சாதாரண ட்ரோன் காற்றின் அழுத்தத்தை அளந்து உயரத்தைக் கணக்கிடுகிறது. புறப்பட்ட இடத்தின் அழுத்தத்தை அது பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. ஆகையால் திரையில் காண்பது கடல் மட்டத்திலிருந்து உள்ள உயரமும் அன்று. அந்தக் கணத்தில் யந்திரத்துக்குக் கீழே இருக்கும் தரையிலிருந்து உள்ள உயரமும் அன்று. ஏவிய இடத்திலிருந்து உள்ள உயரம் மாத்திரமே. ஒருவர் மலைக்கோட்டையின் அடிவாரத்துத் தெருவில் நின்று ட்ரோனை ஏற்றி, 60 மீட்டரில் நிறுத்தி, உச்சிப் பிள்ளையார் கோயிலை நோக்கி நேராகச் செலுத்தினால், திரையில் எண் சிறிதும் மாறாமல் இருக்க, யந்திரம் பாறையில் போய் மோதும். பாறையின் சிகரம் அதைவிட 23 மீட்டர் மேலே இருக்கிறது. இன்னொருவர் மலையின் உச்சியில் நின்றுகொண்டு ஏற்றி, அதே 60 மீட்டரில் நிறுத்தி, ஊரின் மேல் செலுத்தினால், திரை 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தெருவில் நிற்பவனுக்கோ அது 143 மீட்டர் உயரத்தில் பறக்கும். பொதுவாக அனுமதிக்கப்பட்ட 120 மீட்டர் எல்லையை அந்த மனிதர் தம்மை அறியாமலே மீறியிருப்பார். முன்னவருக்கு நேர்வது நஷ்டம், பின்னவருக்கு நேர்வது குற்றம். இருவருடைய திரையிலும் இருந்தது ஒரே எண்.

இதனினும் நுட்பமான ஓர் ஆபத்து, யந்திரம் தானாக வீடு திரும்பும் ஏற்பாட்டில் இருக்கிறது. ரேடியோத் தொடர்பு அறுந்தால், ட்ரோன் முன்கூட்டிக் குறித்து வைத்த ஓர் உயரத்துக்கு ஏறி, ஏவிய இடத்தை நோக்கி நேர்கோட்டில் வந்து இறங்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. எத்தனையோ பேரைக் காப்பாற்றிய அருமையான ஏற்பாடு இது. ஆனால் அந்த உயரத்தை மனிதன்தான் குறிக்க வேண்டும். திறந்த வயலில் பறந்தபோது வைத்த 30 மீட்டரை மாற்ற மறந்து, மலைக்கோட்டையின் தென்புறத்தில் நின்றுகொண்டு வடபுறத்தைப் படம் பிடிக்க யந்திரத்தைச் சுற்றி அனுப்பினால் என்ன ஆகும்? பாறை குறுக்கே வந்ததும் ரேடியோ அலை தடைப்படும். தொடர்பு அறுந்த யந்திரம் தன் எஜமானனிடம் திரும்ப நேர்வழியை நாடும். அந்த நேர்வழியில் நிற்பது, தொடர்பை அறுத்த அதே பாறை. முன்புறம் தடையை உணரும் கருவி பொருத்திய யந்திரமாக இருந்தால் ஒருகால் தப்பலாம். அந்தியின் மங்கல் வெளிச்சத்தில் அக்கருவியும் கைவிடக்கூடும். ஆகவே திரும்பும் உயரத்தை, பறக்கும் எல்லைக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளுக்கும் மேலாக, சட்டம் விதித்த உச்சத்துக்குக் கீழாக, ஒவ்வோர் ஊரிலும் புதிதாகக் குறிக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் இடமே இல்லாத ஸ்தலங்களும் உண்டு. அவற்றில் ஒன்றைப் பின்னால் பார்ப்போம்.

நிலத்தை அளப்பதற்காகப் படம் எடுப்பவருக்கு வேறொரு தொல்லை. ஒரு படம் அடுத்த படத்தின் மேல் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு படியும்படி அவர் வழக்கமாகத் திட்டமிடுகிறார்; அந்தப் படிவிலிருந்துதான் கணினி மேடு பள்ளங்களைக் கணித்து வரைபடத்தை உண்டாக்குகிறது. தெருவிலிருந்து 100 மீட்டர் உயரத்துக்குக் கணக்கிட்ட திட்டத்தோடு அவர் மலைக்கோட்டைப் பக்கம் வந்தால், பாறையின் சிகரத்துக்கு மேல் யந்திரம் 17 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அங்கே ஒரு படம் பிடிக்கும் பரப்பின் நீளம் தெருவின் மேல் பிடித்ததில் நூற்றுக்குப் பதினேழு பங்காகச் சுருங்கிவிடுகிறது. படத்துக்கும் படத்துக்கும் இடைவெளியோ நூற்றுக்கு இருபத்தைந்து பங்காக முன்போலவே நிற்கிறது. படங்கள் ஒன்றன் மேல் ஒன்று படிவது இருக்கட்டும், ஒன்றையொன்று தொடக்கூட மாட்டா. வரைபடத்தில் சிகரம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். நிலத்தின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றித் தானும் ஏறி இறங்கும்படி யந்திரத்துக்குக் கட்டளையிடும் வசதி இப்போது பல திட்டமிடும் மென்பொருள்களில் இருக்கிறது. ஆனால் அந்த வசதி எந்த நிலப்படத்தை நம்பி ஏறி இறங்குகிறது என்று கேட்டறிய வேண்டும்.

அப்படிப்பட்ட நிலப்படங்களில் உலகெங்கும் மிகுதியாகப் புழங்குவது, 2000 பிப்ரவரியில் எண்டெவர் என்னும் விண்வெளி ஓடம் 11 நாட்கள் பூமியைச் சுற்றி ராடார் மூலம் எடுத்த உயர அளவை. பூமியின் மேற்பரப்பை அது ஏறக்குறைய 30 மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, சதுரம் ஒன்றுக்கு ஓர் உயரத்தைச் சொல்லுகிறது. மகத்தான சாதனை; பச்சைமலை, கொல்லிமலை போன்ற பெரிய மலைகளுக்கு அது போதும். ஆனால் ஒரு கோபுரம் இத்தகைய சதுரங்களில் ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிடும். அந்தச் சதுரங்களில் கோபுரத்தின் உயரம் சுற்றியுள்ள தெருவின் உயரத்தோடு கலந்து மழுங்கிப்போகிறது. தென்னந்தோப்பிலோ, ராடார் அலை மட்டைகளுக்கிடையே எந்த ஆழத்தில் பட்டுத் திரும்பியதோ அந்த உயரம் பதிவாகியிருக்கும். அது தரையும் அன்று, மரத்தின் நுனியும் அன்று. மின்கம்பி ஒருநாளும் பதிவாவதில்லை. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு எழுந்த அடுக்குமாடி வீடுகளையும் செல்போன் கோபுரங்களையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்திய சர்வே இலாகாவின் 1:50,000 அளவுப் படங்கள் நம்பகமானவையே. அவற்றின் நோக்கம் வேறு. ஆகையால் படத்தைப் படித்த பிறகு ஸ்தலத்துக்கு நேரில் போய் நடந்து பார்ப்பதற்கு மாற்று வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி, சட்டம் வகுத்த உயரம். 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் இந்திய வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்றாகப் பிரித்தன. பச்சையில் தரையிலிருந்து 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை தனி அனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரையுள்ள வளையத்தில் மட்டும் அந்த உச்சம் 200 அடியாக, 60 மீட்டராக, பாதியாய்க் குறைகிறது. மஞ்சளில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டினரின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். இந்தப் பிரிவினையைத் திருச்சியின் மேல் பொருத்திப் பார்த்தால் விசித்திரமான ஒரு நிலை புலப்படுகிறது. மலைக்கோட்டை விமான நிலையத்திலிருந்து நேர்கோட்டில் 7 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் 8 கிலோமீட்டர் எல்லைக்கு உள்ளே விழுகிறது. அங்கே அனுமதியின்றி ஓர் அடிகூட எழும்பக் கூடாது. ஸ்ரீரங்கமோ ஏறக்குறைய 10, 11 கிலோமீட்டரில், 200 அடி வளையத்துக்குள் இருக்கிறது. 1987 மார்ச்சில் பூர்த்தியான ராஜகோபுரத்தின் உயரம் 236 அடிக்குக் குறையாது. அனுமதியில்லாத ட்ரோன் எந்தச் சூழ்நிலையிலும் அந்தக் கோபுரத்தின் கலசங்களுக்குச் சமமாகக்கூட எழ முடியாது. திரும்பும் உயரத்தைத் தடையின் உச்சிக்கு மேல் வைக்க வேண்டும் என்று முன்பு சொன்னோமே, அதற்கு இங்கே இடமே இல்லை. அங்கு பறப்பவர் கோபுரத்துக்கு இப்புறமே நின்று இப்புறமே பறக்க வேண்டும். தமக்கும் யந்திரத்துக்கும் நடுவே கோபுரம் ஒரு கணமும் வராதபடி பாதையை வகுக்க வேண்டும்.

இந்தக் கட்டுப்பாட்டைக் கண்டு சலித்துக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைப்பது நல்லது: 2018 அக்டோபரில் ஒரு நள்ளிரவில், 130 பயணிகளோடு துபாய்க்குக் கிளம்பிய ஒரு விமானம், திருச்சி ஓடுபாதையின் கோடியில் இருந்த அன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் உரசிச் சேதமடைந்து, பின்னர் மும்பையில் பத்திரமாக இறங்கியது. அதற்கும் ட்ரோனுக்கும் சம்பந்தமில்லை. ஆயினும், தரையை விட்டு எழும்பும் அந்தச் சில விநாடிகளில் ஒரு பெரிய விமானத்துக்குச் சில அடி உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த இரவு காட்டிற்று. எல்லைகள் அவ்வப்போது மாற்றப்படுவதால், டிஜிட்டல் ஸ்கை என்னும் அரசாங்க வரைபடத்தைப் பறப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும் என்பதும் விதி. வைகுண்ட ஏகாதசி போன்ற பெருங்கூட்ட நாட்களில் மாநில அதிகாரிகள் ஓரிடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கவும் அதிகாரம் இருக்கிறது. கல்யாணப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலோர் கவனிக்காத இன்னொன்று: இரண்டு கிலோவுக்கு உட்பட்ட ட்ரோனை விளையாட்டாகப் பறக்கவிட சான்றிதழ் வேண்டாம்; கூலிக்குப் பறக்கவிட்டால், 250 கிராமுக்கு மேற்பட்ட எதற்கும் வேண்டும்.

உயரத்துக்கு அடுத்தது பார்வை. யந்திரத்தைக் கண்ணெதிரே வைத்துப் பறப்பதே இன்றைய பொது நடைமுறை. 2021 செப்டம்பரில் தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில் மருந்துகளை ஆகாய மார்க்கமாக அனுப்பிப் பார்த்ததைப் போன்ற கண்ணுக்கு எட்டாத பயணங்கள், தனி அனுமதியோடு நடக்கும் சோதனைகள். கண்ணுக்கு எட்டுவது என்றால் எவ்வளவு தூரம்? 35 சென்டிமீட்டர் அகலமுள்ள ட்ரோன் ஒரு கிலோமீட்டர் தூரத்தில், நல்ல கண்ணும் பிரித்தறியக்கூடிய எல்லையில் ஒரு புள்ளியாகிவிடுகிறது. அரை கிலோமீட்டரில் புள்ளி சற்றே பெரிதாகத் தெரியும். ஆனால் அதன் முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. முகம் தெரியாத யந்திரத்தை, கண் முன்னே ஒரு பருந்து அதன்மேல் பாய வரும்போது, எந்தப் பக்கம் விலக்குவது?

ஸ்ரீரங்கத்தின் தெருக்களிலோ தூரம் ஒரு பிரச்சினையாவதற்கு முன்பே வீடுகள் பார்வையை மறித்துவிடும். ஏழு பிராகாரங்களில் வெளியே உள்ளவை மக்கள் வசிக்கும் தெருக்கள். சித்திரை வீதி, உத்திர வீதி, அடையவளஞ்சான் வீதி என்று அவை கோயிலைச் சதுரம் சதுரமாகச் சுற்றிச் செல்கின்றன. 12 மீட்டர் அகலமுள்ள ஒரு தெருவின் நடுவில் நீங்கள் நிற்கிறீர்கள், இருபுறமும் 9 மீட்டர் உயரத்துக்கு மாடி வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். 60 மீட்டர் உயரத்தில் பறக்கும் ட்ரோன் தெருவின் நடுவிலிருந்து பக்கவாட்டில் 47 மீட்டர் நகர்ந்ததும் வீட்டின் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் மறைந்துபோகும். தெருவின் நீளவாட்டிலோ பல நூறு மீட்டர் தெரியும். ஆகவே அங்கே பார்வையின் எல்லை வட்டமாக அமைவதில்லை; தெருவோடு ஒட்டிய நீண்ட பட்டையாக அமைகிறது. மொட்டை மாடியில் ஏறி நின்றால் பட்டை விரிந்து நாற்புறமும் திறந்துகொள்ளும். ஆனால் உயரத்தின் பூஜ்யமும் மாடிக்கு ஏறிவிட்டது என்பதை மறக்காமல், மாடியின் 9 மீட்டரை 60 மீட்டரிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும்.

ரேடியோ அலைக்கு வேண்டிய பார்வை, கண்ணின் பார்வையைவிடச் சற்று விரிந்தது. கண்ணுக்கு ஒரு கோடு போதும். ரிமோட்டிலிருந்து யந்திரம் வரை செல்லும் அலையோ நடுவில் பருத்து இருமுனையிலும் மெலிந்த ஒரு கதிர்க்கோலின் வடிவத்தில் இடம் கேட்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தக் கோலின் நடுப்பகுதி சுமார் ஐந்தரை மீட்டர் ஆரம் உடையது. அதில் பாதிக்கு மேலாவது தடையின்றி இருந்தால்தான் தொடர்பு தெளிவாக நிற்கும். தென்னை மரங்களின் நுனியை உரசிக்கொண்டு யந்திரம் தெரிகிறதே, போதாதா என்று நினைப்பவருடைய திரையில் படம் நடுங்கி உறைவதற்குக் காரணம் இதுதான். மழைக்குப் பின் ஈர மட்டைகள் அலையை இன்னும் அதிகமாக விழுங்கும். காவிரியில் நீர் நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் அலை நேரே வரும் அலையோடு மோதி அதைக் குலைப்பதும் உண்டு. தாழப் பறந்தால், கீழே பார்த்துத் தன் இடத்தை அறியும் காமெரா, ஓடும் நீரைக் கண்டு குழம்பி, நிற்கும் யந்திரத்தையும் நகர்த்திவிடும்.

பார்வைக்காக மனிதர்கள் இந்தக் காவிரிப் படுகையில் பட்ட பாடு இன்று தொடங்கியதன்று. 1802இல் சென்னையில் பரங்கிமலையின் அருகே அடிக்கோடு அளந்து, இந்தியாவை முக்கோணங்களாக அளக்கப் புறப்பட்ட வில்லியம் லாம்டன், மலைகள் உள்ள பிரதேசங்களில் சிகரத்திலிருந்து சிகரத்தைப் பார்த்து முன்னேறினார். தஞ்சைச் சமவெளிக்கு வந்ததும் அவருக்கு வழி அடைபட்டது: எங்கு திரும்பினாலும் பனையும் தென்னையும். மலை இல்லாத நாட்டில் அவருக்கு மலையாகக் கோபுரங்களே கிடைத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின் மேல், அரை டன் எடையுள்ள தமது தியோடலைட் என்னும் கோணமானியைக் கயிறு கட்டி ஏற்றும்போது, கயிறு அறுந்து, கருவி விமானத்தில் மோதி நசுங்கிற்று. அதன் வளைந்துபோன பித்தளை வட்டத்தைத் தம் கையாலேயே தட்டிச் செப்பனிட்டு அளவையைத் தொடர்ந்தார் அந்த விடாப்பிடியான மனிதர். அவர் வைத்துச் சென்ற முறையின் சாரம், நிற்கும் இடத்திலிருந்து பார்க்க வேண்டிய பொருள் தெரிகிறதா என்று முதலில் நேரில் போய் நிச்சயப்படுத்திக்கொள்வது. அவருக்குப் பார்க்க உதவிய கோபுரங்கள் நமக்குப் பார்வையை மறைக்கின்றன. ஆனால் நேரில் போய்ப் பார்க்கும் வேலை அப்படியே நிற்கிறது.

ஓர் உதாரணம் கொண்டு இதை முடித்துவிடுவோம். கோயிலுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில் ஒரு வாழைத் தோட்டத்தைப் படம் பிடிக்க வேண்டும், காற்றில் சாய்ந்த மரங்களைக் கணக்கிட்டு இழப்பீடு கேட்பதற்காக. சோம்பல் உள்ளவர் கார் நிறுத்த வசதியான தெற்குப் பக்கத்து வீதியில் நின்று, கோயிலைத் தாண்டி யந்திரத்தை அனுப்ப நினைப்பார். கோபுரங்கள் குறுக்கே வரும், வீடுகள் மறைக்கும், திரும்பும் பாதை கலசத்தில் முட்டும். அனுபவசாலி முதல் நாள் மாலையே தோட்டத்துக்குப் போகிறார். கரையின் மேல் ஏறி நின்று, தோட்டத்தின் நான்கு மூலைகளும் தெரிகின்றனவா என்று பார்க்கிறார். தெரியாத மூலையில் மறுநாள் நிற்க ஒரு துணைவரை ஏற்பாடு செய்கிறார். அவருடைய கண்ணும் கைபேசியும் ஓட்டுபவருக்கு இரண்டாவது பார்வை. ஓரத்துத் தென்னைகளில் மிக உயர்ந்ததன் உயரத்தை, அதன் நிழலையும் தம் நிழலையும் அளந்து கணித்துக்கொள்கிறார். ஆற்றைக் கடக்கும் உயர் அழுத்த மின்கம்பியைத் தேடும்போது கம்பியைத் தேடுவதில்லை. வானத்தின் பின்னணியில் அது கண்ணுக்கு அகப்படாது. இரு கரையிலும் உள்ள இரும்புக் கோபுரங்களைத் தேடி, அவற்றுக்கு நடுவே கம்பி இருப்பதாகவே கொள்கிறார். கரை தோட்டத்தைவிட நான்கைந்து மீட்டர் உயரமானால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, 60 மீட்டர் எல்லையில் அதைக் கழிக்கிறார். ஆடி மாதமாக இருந்தால், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று முற்பகலிலிருந்தே வலுக்கும் என்பதால், பொழுது விடிந்ததும் பறக்கவும், காற்றை எதிர்த்துப் போகும் பாதையை முதலில் முடித்து, பாட்டரி குறையும்போது காற்றோடு திரும்பவும் திட்டமிடுகிறார். திரும்பும் உயரத்தைத் தென்னைக்கு மேல் பத்து மீட்டர் கூட்டி ரிமோட்டில் பதிக்கிறார். இவ்வளவுக்கும் அவருக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆகிறது. மறுநாள் பறப்பது இருபது நிமிஷம்.